உங்கள் எம்.பி. அவையில் என்ன செய்தார்: நாடாளுமன்றப் பதிவுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தேர்தல் நெருங்கும்போது, "எங்கள் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் இத்தனை நூறு கேள்விகள் எழுப்பினார்" என்று ஒரு துண்டறிக்கையும், "ஐந்தாண்டுகளாக வாயே திறக்கவில்லை" என்று எதிர்த்தரப்பின் துண்டறிக்கையும் ஒரே வாரத்தில் ஒரே வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்வதுண்டு. இரண்டில் எது உண்மை என்று சரிபார்ப்பதற்கு வேண்டிய ஆவணங்கள் அனைத்தும் கட்டணமில்லாமல் இணையத்தில் கிடைக்கின்றன. கிடைத்தும் பெரும்பாலானோர் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. எங்கே தொடங்குவது, எதை எப்படிப் படிப்பது என்பதை யாரும் சொல்லித் தராததே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். நானும் அப்படித்தான் தட்டுத்தடுமாறிப் பழகினேன். அந்தத் தடுமாற்றம் புதிதாக வருகிறவர்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கூட்டத்தொடர் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு ஒரு மாலைப் பொழுதும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் இந்த வேலைக்குப் போதும்.

தொடங்குமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உறுப்பினரின் எல்லா நடவடிக்கைகளையும் ஒரேயடியாகத் தொடர முயன்றால் இரண்டே வாரங்களில் சோர்ந்துபோவீர்கள். ஆகவே மீனவர் கைது, ரயில் பாதை, நூறு நாள் வேலைக் கூலி பாக்கி, மருத்துவக் கல்வி என்று உங்கள் ஊரைத் தொடும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பொருளில் உங்கள் உறுப்பினர் என்ன கேட்டார், என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்று மட்டும் முதலில் பாருங்கள். மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஒருவரை மதிப்பிடுவதைவிட, ஒரே பொருளில் அவர் விட்டுச்சென்ற தடத்தைப் பின்தொடர்வது எத்தனையோ மடங்கு பயனுள்ளது என்பது என் அனுபவம்.

உறுப்பினரின் பக்கத்தைக் கண்டுபிடித்தல்

மக்களவையில் தேர்ந்தெடுக்கப்படும் 543 உறுப்பினர்களில் தமிழ்நாட்டுக்கு 39 பேர், புதுச்சேரிக்கு ஒருவர். இவர்களில் உங்கள் தொகுதிக்கு உரியவர் ஒருவரே. மாநிலங்களவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் செல்கிறார்கள். அவர்களுக்குத் தொகுதி கிடையாது என்பதால் அந்தப் பதினெட்டுப் பேருமே உங்களுக்கும் பிரதிநிதிகள். இதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

இரு அவைகளின் ஆவணங்களும் 'சன்சத்' என்னும் பொது இணையதளத்தில் இருக்கின்றன. நுழைந்ததும் மக்களவையா மாநிலங்களவையா என்பதைத் தேர்ந்தெடுத்து, உறுப்பினர் பட்டியலுக்குச் சென்று, பெயரைச் சொடுக்கினால் அவருடைய தனிப்பக்கம் திறக்கும். இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நம் பெயர்களில் முன்னெழுத்து முதலில் வருகிறது. பட்டியலோ பெயரை முன்னும் முன்னெழுத்தைப் பின்னுமாக மாற்றி அடுக்கியிருக்கக்கூடும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் அவரவர் விருப்பப்படி இருக்கும். டி.ஆர். பாலுவின் பெயரில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருமுறை வருகிறது. ஒரே ஒரு 'ஏ' போட்டுத் தேடுகிறவருக்கு எதுவும் அகப்படாமல் போகலாம். எனவே முதல் நாளே உறுப்பினரின் பெயரை அதிகாரபூர்வமான எழுத்துக்கூட்டலில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது மக்களவை என்பதையும் அருகில் குறியுங்கள். 2024 ஜூனில் தொடங்கியது பதினெட்டாவது மக்களவை. பலமுறை வென்றவர் என்றால் பழைய அவைகளின் பதிவுகள் தனித்தனியே கிடக்கும்.

உங்கள் உறுப்பினர் ஒன்றிய அமைச்சராக இருந்தால் இந்த வழிகாட்டியின் பாதி அவருக்குப் பொருந்தாது. அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் அவர்கள். வருகைப் பதிவேட்டிலும் அவர்கள் கையெழுத்திடுவதில்லை. எனவே "அமைச்சரான பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை" என்று யாராவது குற்றம் சாட்டினால் அதில் பொருளில்லை. அவைத் தலைவர் பொறுப்பில் இருப்பவருக்கும் இதே நிலைதான்.

கேள்விகளைப் படித்தல்

புதியவர்கள் கேள்விகளிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனெனில் இவை சிறியவை, தெளிவானவை, உறுப்பினரின் பெயரோடு தேடக்கூடியவை.

கேள்விகள் இரண்டு வகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அதன்மீது துணைக் கேள்விகளும் எழுப்பலாம். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்துமூலப் பதில் மட்டும் அவையில் வைக்கப்படும். மக்களவையில் நாள் ஒன்றுக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, மற்றவை 230. மாநிலங்களவையில் முறையே 15, 160. உறுப்பினர்கள் கொடுக்கும் அறிவிப்புகள் இந்த எண்ணிக்கையைவிட மிகுதியாக இருப்பதால் எவை இடம்பெறும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. ஆகவே ஒருவருக்கு ஒரு கூட்டத்தொடரில் நட்சத்திரக் கேள்வி அமையவில்லை என்றால் அதை அவருடைய குறையாகக் கொள்ள முடியாது. அதுபோலவே, ஒத்த பொருளில் பலர் கொடுத்த அறிவிப்புகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே கேள்வியாக்குவதும் உண்டு. அப்போது அதில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரின் கணக்கிலும் அக்கேள்வி சேரும்.

கேள்விப் பகுதியில் உறுப்பினரின் பெயர், அமைச்சகம், கூட்டத்தொடர் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கங்கள் கொண்ட ஒரு பி.டி.எஃப். கோப்பு. மேலே கேள்வி எண், தேதி, கேட்டவர் பெயர். அதன்கீழ் ஏ, பி, சி, டி என்று பிரிக்கப்பட்ட கேள்வி. அதற்கும் கீழே அமைச்சரின் பதில். இதைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கேள்வியின் ஒவ்வொரு பிரிவையும் நோட்டில் ஒரு வரியாக எழுதி, எதிரே பதிலின் அதே பிரிவை எழுதுங்கள். பதிலில் "ஏ முதல் டி வரை" என்று நான்கையும் ஒன்றாகக் கட்டி ஒரே நீண்ட பத்தியாகக் கொடுத்திருந்தால் உடனே கவனமாகிவிடுங்கள். கேட்ட நான்கில் எதற்கு உண்மையில் பதில் இருக்கிறது, எது பேச்சோடு பேச்சாக விடுபட்டிருக்கிறது என்று அப்போதுதான் தேட வேண்டியிருக்கும். திட்டத்தின் வரலாறு மூன்று பத்திகளில் இருக்கும், ஆனால் உங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் வந்தது என்ற எண் எங்குமே இருக்காது. இணைப்பு அட்டவணை என்று ஒன்று இருந்தால் அதை விடாதீர்கள். மாநிலவாரியாகவும் மாவட்டவாரியாகவும் நாம் தேடும் எண்கள் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் இருக்கும்.

சில வாசகங்கள் அடிக்கடி வரும். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்பதும், "பரிசீலனையில் உள்ளது" என்பதும் வெறும் ஒப்புக்குச் சொன்னவை என்று கடந்துவிட வேண்டாம். இவை நாடாளுமன்ற நடைமுறையில் உறுதிமொழியாகக் கருதப்படுகின்றன. மூன்று மாதங்களுக்குள் அவற்றை நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. இதைக் கண்காணிப்பதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு இயங்குகிறது. அத்தகைய பதில் கிடைத்தால் தேதியைக் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி தேடிப் பாருங்கள். உறுப்பினர் அதே பொருளில் திரும்பக் கேட்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். ஒரு பிரதிநிதியின் அக்கறைக்கு அந்த இரண்டாவது கேள்வியைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

"அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை" என்ற பதிலையும் பயனற்றதென்று ஒதுக்கக் கூடாது. 2020 செப்டம்பர் 14 அன்று, பொதுமுடக்கக் காலத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்கப்பட்டதற்குத் தொழிலாளர் அமைச்சகம் எழுத்துமூலம் தந்த பதில் இதுதான். கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டிருந்த அந்தக் கூட்டத்தொடரில், எழுத்துமூலப் பதில் மட்டுமே கிடைத்த நிலையில், அரசிடம் கணக்கே இல்லை என்பது அந்த ஒரு தாளின் வழியாகத்தான் நாட்டுக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நட்சத்திரக் கேள்வியின் பி.டி.எஃப். கோப்பில் அமைச்சர் முன்கூட்டித் தயாரித்த பதில் மட்டுமே இருக்கும். அதன்பின் அவையில் எழுந்த துணைக் கேள்விகளும், அவற்றுக்கு அமைச்சர் அங்கேயே நின்று சொன்ன பதில்களும் அதில் இல்லை. அவை அன்றைய விவாதப் பதிவில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள இருபதில் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழிப் பதில் பெறுபவை சிலவே. மீதி எழுத்துமூலப் பதிலாகவே நின்றுவிடும். மேலும், வேறொருவர் கேட்ட கேள்வியில் உங்கள் உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி எழுப்பியிருக்கலாம். அது அவருடைய கேள்விக் கணக்கில் சேராது. கேள்வி நேரம் மக்களவையில் காலை 11 மணிக்கும், 2014 முதல் மாநிலங்களவையில் நண்பகல் 12 மணிக்கும் நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் விவாதப் பதிவில் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது.

பேச்சுகளைத் தேடுதல்

பேச்சு என்று பொதுவாகச் சொன்னாலும் அவையில் உறுப்பினர் வாய் திறக்கும் வழிகள் பல. மசோதா மீதான விவாதம், நிதிநிலை அறிக்கை மீதான விவாதம், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஆகியவற்றில் கட்சிக்கு இத்தனை நிமிடம் என்று நேரம் ஒதுக்கி, யார் பேசுவது என்பதைக் கட்சியே முடிவு செய்கிறது. பெரிய கட்சியின் புது உறுப்பினர் அந்த வரிசையில் கடைசியில் நிற்கலாம். தொகுதிச் சிக்கலை உறுப்பினர் தாமாகவே எழுப்ப வழி தருபவை அவசரப் பிரச்சினைகளை எழுப்புவதற்கான பூஜ்ய நேரமும், மக்களவையின் விதி 377-உம், மாநிலங்களவையின் சிறப்புக் குறிப்பீடும். எனவே உங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தேடுகிறீர்கள் என்றால் பெரிய விவாதங்களைப் புரட்டுமுன் இந்த மூன்றையும் பாருங்கள்.

விதி 377-இன்கீழ் வருபவை பல நாட்களில் வாசிக்கப்படாமல், எழுத்துமூலமாக அவையில் வைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். நீண்ட விவாதங்களிலும் நேரம் போதாதபோது உறுப்பினர்கள் தங்கள் உரையை எழுத்தில் கொடுத்துவிடுவதுண்டு. பதிவில் அது மற்றப் பேச்சுகளைப் போலவே அச்சாகும், ஆனால் தலைப்பில் 'அவையில் வைக்கப்பட்டது' என்ற குறிப்பு இருக்கும். "அவையில் முழங்கினார்" என்று ஒருவரைப் பற்றி எழுதுமுன் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. எழுதிக் கொடுத்த உரை மதிப்பில் தாழ்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. அந்த உரையில் புள்ளிவிவரமும் கோரிக்கையும் தெளிவாக இருந்தால் அதற்கும் உரிய இடம் உண்டு.

தமிழில் பேசிய உரைகளைத் தேடுவோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அரசியல் சட்டத்தின் 120-ஆவது உறுப்பின்படி அவை அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். அவைத் தலைவரின் அனுமதியோடு தாய்மொழியிலும் பேசலாம். அப்படித் தமிழில் பேசும்போது உடனுக்குடன் மொழிபெயர்க்கப்படுகிறது. ஆங்கிலப் பதிவில் நாம் படிப்பது அந்த உரையின் மொழிபெயர்ப்பையே. பக்கத்தின் கீழே ஒரு நட்சத்திரக் குறியிட்டு, இது தமிழில் ஆற்றப்பட்ட உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று குறிப்பிட்டிருப்பார்கள். அதை மறுபடி தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டால் அவர் சொல்லாத சொற்களை அவர் வாயில் வைத்தவர்களாகிவிடுவோம். அவருடைய சொற்களே வேண்டுமென்றால் காணொலிக்குத்தான் போக வேண்டும். மக்களவை, மாநிலங்களவைத் தொலைக்காட்சிகளை இணைத்து 2021-இல் தொடங்கப்பட்ட சன்சத் டிவி இரு அவைகளையும் நேரலையில் ஒளிபரப்புகிறது. அப்பதிவுகள் யூடியூபிலும் இருக்கின்றன. மணிக்கணக்கில் ஓடும் அந்தக் காணொலியில் நமக்கு வேண்டிய நான்கு நிமிடத்தைக் கண்டுபிடிக்க எழுத்துப் பதிவுதான் துணை. அதில் இடையிடையே 12.07, 14.32 என்று கடிகார நேரம் குறித்திருப்பார்கள். அவை கூடிய நேரத்திலிருந்து கணக்கிட்டால் காணொலியில் ஏறக்குறைய எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எழுத்துப் பதிவிலும் இரண்டு நிலைகள் உண்டு. முதலில் வெளிவருவது திருத்தப்படாத பதிவு. சரிபார்க்கப்பட்ட அதிகாரபூர்வப் பதிவு பின்னால் வரும். எதிலிருந்து எடுத்தீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உரையின் நடுவே நட்சத்திரக் குறிகள் தென்பட்டால் அவைத் தலைவரின் ஆணைப்படி அச்சொற்கள் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன என்று பொருள். மக்களவையில் இதற்கு விதி 380 வழிசெய்கிறது. நேரலையில் நம் காதால் கேட்டது பதிவில் இல்லாமல் போகும் இடங்கள் இவையே. இப்படி நீக்கப்பட்ட சொற்களை மீண்டும் வெளியிடுவது உரிமை மீறல் சிக்கலைக் கொண்டுவரக்கூடும் என்பதால் புதியவர்கள் அவற்றைத் தொடாமலிருப்பதே நல்லது. பழைய ஆண்டுகளின் விவாதங்கள் வேண்டுமென்றால் நாடாளுமன்ற மின்னூலகத்தில் தேடலாம்.

வாக்குகள்: மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி

புதியவர்கள் முதலில் கேட்பது "அந்தச் சட்டத்துக்கு எங்கள் எம்.பி. ஆதரவாக வாக்களித்தாரா, எதிராகவா" என்பதுதான். மிகவும் நியாயமான கேள்வி. ஆனால் பெரும்பாலான சட்டங்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதிவேட்டில் விடை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காரணம் குரல் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்றும் எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்றும் குரல் கொடுக்க, எந்தப் பக்கம் ஒலி பெரிது என்று அவைத் தலைவர் முடிவு செய்து அறிவிக்கிறார். யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. அந்த அறிவிப்பை ஓர் உறுப்பினர் ஏற்காமல் டிவிஷன் கோரினால்தான் பெயர்வாரியான வாக்கெடுப்பு நடக்கும். மணி மூன்றரை நிமிடம் ஒலிக்கும், வெளியறைகள் காலி செய்யப்படும், கதவுகள் அடைக்கப்படும், உறுப்பினர்கள் தங்கள் இருக்கையிலுள்ள பொத்தானை அழுத்துவார்கள். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பதற்கு மஞ்சள். டிவிஷன் கோரினாலும், தேவையில்லை என்று தலைவர் கருதினால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடிப்பதற்கும் விதியில் இடமுண்டு. அப்போதும் பெயர்கள் பதிவாகா. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டபோது எதிர்க்கட்சிகள் அவ்வளவு கொதித்ததற்குக் காரணம், தாங்கள் கோரிய டிவிஷன் கிடைக்கவில்லை என்பதே. அந்தச் சட்டங்கள் மீது எந்த உறுப்பினர் எப்படி நின்றார் என்பதற்கு இன்றைக்கும் பெயர்ப்பட்டியல் இல்லை.

டிவிஷன் கட்டாயமாக நடப்பது அரசியல் சட்டத் திருத்தங்களுக்கு. 368-ஆவது உறுப்பின்படி அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதால் எண்ணாமல் தீராது. பழகுவதற்கு ஏற்ற ஒரு பதிவு 2023 செப்டம்பர் 20-இன் மக்களவை விவாதம். மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவை அன்று ஆதரித்தவர்கள் 454 பேர், எதிர்த்தவர்கள் 2 பேர். அந்த நாளின் பதிவைத் திறந்து, பெயர்ப்பட்டியலில் உங்கள் தொகுதியின் அப்போதைய உறுப்பினரைத் தேடிப் பாருங்கள். பட்டியல் எப்படி அமைகிறது, பெயர் எந்த எழுத்தின்கீழ் வருகிறது என்பதெல்லாம் அந்த ஒரு பயிற்சியிலேயே விளங்கிவிடும்.

தேதியில் தவறிவிடாமல் இருக்கவும் பழக வேண்டும். 2025-இல் வக்ஃபு திருத்த மசோதா மக்களவையில் 288-க்கு 232 என்ற கணக்கில் நிறைவேறியது ஏப்ரல் 3 அதிகாலையில். ஆனால் அமர்வு தொடங்கியது ஏப்ரல் 2. நள்ளிரவைத் தாண்டி நீளும் அமர்வின் பதிவு தொடங்கிய நாளின் பெயரில்தான் இருக்கும். செய்தித்தாளின் தேதியை வைத்துத் தேடி, 'அப்படி ஒரு வாக்கெடுப்பே பதிவாகவில்லை' என்று முடிவுகட்டியவர்களை நான் அறிவேன்.

எண்ணிக்கையும் அறிவித்த கணத்திலேயே இறுதியாவதில்லை. திரையில் தோன்றுவது 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்றே அறிவிக்கப்படுகிறது. பொத்தான் வேலை செய்யாதவர்களும் தவறாக அழுத்தியவர்களும் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நேரத் தேர்தலுக்கான மசோதாவை அறிமுகம் செய்யும் தீர்மானத்தில், இயந்திரம் முதலில் காட்டியது 220-க்கு 149. சீட்டுகளையும் சேர்த்தபின் வந்தது 269-க்கு 198. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, உங்கள் உறுப்பினர் அவையில் இல்லை என்று எழுதினால் அது பெரும் பிழையாகிவிடும்.

அந்த எடுத்துக்காட்டு இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. அன்று நடந்தது மசோதாவை நிறைவேற்றும் வாக்கெடுப்பு அன்று, அறிமுகத்துக்கான வாக்கெடுப்பு. ஒரு மசோதாவுக்கு அறிமுகம், பரிசீலனைக்கு எடுத்தல், உட்பிரிவுகளும் திருத்தங்களும், இறுதியாக நிறைவேற்றுதல் என்று பல கட்டங்கள் உண்டு. எந்தக் கட்டத்திலும் டிவிஷன் வரலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு 'இல்லை' என்று வாக்களித்தவர் பெரும்பாலும் மசோதாவை ஆதரிப்பவராகவே இருப்பார். எந்தக் கேள்வி அவை முன் வைக்கப்பட்டது என்பதைப் பட்டியலுக்கு மேலே உள்ள வரிகளில் படித்து உறுதி செய்யாமல் எதையும் நோட்டில் ஏற்றாதீர்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் என்ன பொருள்? மூன்று பொருள்கள் இருக்கலாம். அன்று அவைக்கே வராமலிருந்திருக்கலாம். வந்தவர் வாக்கெடுப்புக்கு முன் வெளிநடப்புச் செய்திருக்கலாம். அவையில் இருந்தும் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் இருந்திருக்கலாம். மஞ்சள் பொத்தானை அழுத்தினால் அது தனியாகப் பதிவாகும். வெளிநடப்பு அப்படிப் பட்டியலில் வராது, ஆனால் விவாதப் பதிவில் 'இந்நேரத்தில் இன்ன உறுப்பினரும் வேறு சிலரும் அவையை விட்டு வெளியேறினர்' என்ற ஒற்றை வரியாக இருக்கும். நம் கட்சிகள் வெளிநடப்பை ஒரு நிலைப்பாடாகவே பயன்படுத்துகின்றன. வித்தியாசம் குறைவாக இருக்கும் இடங்களில், குறிப்பாக மாநிலங்களவையில், எதிர்த்து வாக்களிப்பதற்கும் வெளிநடப்புச் செய்வதற்கும் விளைவில் பெரிய வேறுபாடு உண்டு. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசின் நம்பிக்கைத் தீர்மானம் மக்களவையில் 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

வாக்கை வைத்துத் தனிமனிதரை எடைபோடுமுன், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் கொறடா மூலம் இடும் ஆணையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். 1985-இல் 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் வந்த பத்தாவது அட்டவணையின்படி (கட்சித்தாவல் தடைச் சட்டம்), கட்சியின் ஆணைக்கு மாறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி பதினைந்து நாட்களுக்குள் அதை மன்னிக்காவிட்டால், உறுப்பினர் பதவியிழக்க நேரிடும். ஆகவே மக்களவை, மாநிலங்களவை வாக்குகள் பெரும்பாலும் கட்சியின் முடிவைக் காட்டுகின்றன. ஒருவரது சொந்த மனத்தை அறிய விரும்பினால் அவர் கேட்ட கேள்விகளும், விவாதத்தில் எவ்வளவு தூரம் போனார் என்பதும்தான் கூடுதலாகச் சொல்லும். கட்சியைப் பொறுப்பாக்குவதற்கு வாக்குப் பட்டியல், தனிமனிதரை அறிவதற்குக் கேள்வியும் பேச்சும் என்று நான் பிரித்து வைத்துக்கொள்கிறேன்.

நிதிநிலை அறிக்கைக் காலத்தில் வாக்குகளைத் தேடி அலைய வேண்டாம். ஒருசில அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை (செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கைகளை) மட்டும் விவாதித்துவிட்டு, மீதியைக் 'கில்லட்டின்' முறையில் கடைசி நாளில் ஒன்றாக நிறைவேற்றிவிடுவார்கள்.

குழுக்களும் தனிநபர் மசோதாக்களும்

அமைச்சகங்களின் பணிகளை ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால் யார் என்ன பேசினார் என்பது வெளியே வராது. ஆனால் அறிக்கைகள் வெளியாகின்றன. அறிக்கையின் பின்னிணைப்பில் ஒவ்வோர் அமர்வின் நடவடிக்கைக் குறிப்பும், வந்திருந்த உறுப்பினர்களின் பெயர்களும் இருக்கும். உங்கள் உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பார்த்து, அதன் அண்மை அறிக்கை ஒன்றின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் அவருடைய குழு வருகையை நீங்களே எண்ணிவிடலாம். அறிக்கையோடு உடன்படாமல் மறுப்புக் குறிப்பு கொடுத்திருந்தால் அதுவும் அங்கேயே கிடைக்கும். இதைச் சரிபார்ப்பவர்கள் மிகக் குறைவு என்பதால் இதில் நேரம் செலவிடுவதை வலியுறுத்துவேன்.

தனிநபர் மசோதா என்பது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது. விடுதலைக்குப் பின் இப்படிச் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். அதனால் "அவர் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை" என்பதை வைத்து எவரையும் குறை சொல்ல இடமில்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாவிட்டாலும், அதன்பின் அரசே தனி மசோதா கொண்டுவரும் நிலை வந்தது. 2019-இல் சட்டமானது அரசின் வடிவமே. இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது, ஓர் உறுப்பினர் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று அறிய மிக நல்ல பயிற்சி.

ஆயத்தமாகக் கிடைக்கும் எண்களைப் பயன்படுத்துதல்

பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்னும் அமைப்பு 2005 முதல் நாடாளுமன்றப் பணிகளைத் தொகுத்து வருகிறது. அதன் எம்.பி. டிராக் பக்கத்தில் ஒவ்வோர் உறுப்பினரின் வருகை, கேள்விகள், விவாதப் பங்கேற்பு, தனிநபர் மசோதாக்கள் ஆகியவை மாநிலச் சராசரியோடும் தேசியச் சராசரியோடும் ஒப்பிட்டுத் தரப்படுகின்றன. செய்தித்தாள்களில் நாம் காணும் 'மதிப்பெண் பட்டியல்கள்' பலவற்றுக்கும் ஊற்று இதுவே. தொடக்கமாக இதைப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. வருகை என்பது அன்று பதிவேட்டில் கையெழுத்திட்டார் என்பதை மட்டுமே குறிக்கும். கையெழுத்திட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் புறப்பட்டவரும், இரவு வரை இருந்தவரும் அதில் ஒன்றுதான். கேள்வி எண்ணிக்கையும் அப்படியே. ஏதோ ஒரு தொழிலுக்கு மட்டும் பயன்படும் கேள்விகளை வரிசையாகக் கேட்பவரின் எண்ணிக்கை உயரலாம். பணம் பெற்றுக்கொண்டு கேள்வி கேட்கச் சம்மதித்ததாக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவிநீக்கம் செய்யப்பட்டதை நினைத்துக்கொண்டால், எத்தனை கேள்வி என்பதோடு எதைப் பற்றிய கேள்வி, யாருக்காகக் கேட்ட கேள்வி என்றும் பார்ப்பது ஏன் அவசியம் என்று புரியும்.

நோட்டில் எழுதுவதும் உறுப்பினருக்கு எழுதுவதும்

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவை, அமர்வின் தேதி, கேள்வி எண் அல்லது விவாதத்தின் தலைப்பு, உறுப்பினர் கேட்டதன் சாரம் இரண்டு வரி, அமைச்சர் சொன்னதன் சாரம் இரண்டு வரி, விடுபட்டது எது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பவை போதும். கோப்பைத் தரவிறக்கி, தேதியும் கேள்வி எண்ணும் சேர்ந்த பெயரில் சேமித்துவிடுங்கள், ஏனெனில் அரசுத் தளங்களின் முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும். முன்பு தனித்தனியாக இருந்த இரு அவைகளின் தளங்களும் சன்சத் தளத்துக்கு மாறியபோது பழைய இணைப்புகளைச் சேமித்து வைத்திருந்தவர்கள் பட்ட பாடு நினைவிருக்கிறது. வேண்டிய ஆவணம் தளத்தில் இல்லை என்றால், அந்தந்த அவையின் செயலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம்.

கூட்டத்தொடர்கள் ஆண்டுக்கு மூன்று: பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம். கூட்டத்தொடர் முடிந்த அடுத்த வாரம் உங்கள் நோட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, நீங்கள் பின்தொடரும் பொருளில் பதில் வராமல் நிற்கும் ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து உறுப்பினருக்கு எழுதுங்கள். "தொகுதிக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதும் கடிதத்துக்கும், "இந்தத் தேதியில் இந்த எண்ணுள்ள உங்கள் கேள்வியின் சி பிரிவுக்கு அமைச்சர் விடை தரவில்லை, அடுத்த தொடரில் இதை மட்டும் தனியாகக் கேட்பீர்களா" என்று எழுதும் கடிதத்துக்கும் உறுப்பினரின் அலுவலகத்தில் கிடைக்கும் கவனம் ஒன்றாக இருக்காது. நீங்கள் கேட்கும் பொருள் எந்த அமைச்சகத்தைச் சேர்ந்தது என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அமைச்சகங்கள் வாரத்தின் ஐந்து நாட்களுக்குப் பிரித்து ஒதுக்கப்பட்டிருப்பதால், எந்த நாளுக்கு அறிவிப்புக் கொடுப்பது என்று அவர்கள் பார்த்துக்கொள்வது எளிதாகும். கேள்விக்கான அறிவிப்பை முழுமையாகப் பதினைந்து நாட்களுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும் என்பதால், அவை கூடிய பிறகு எழுதினால் தொடரின் முதற்பாதி கையை விட்டுப் போய்விடும். மழைக்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஜூலையில் கூடுகிறது. அதற்கான கடிதம் ஜூன் மாதத் தொடக்கத்திலேயே அவர் மேசையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.